கண்ணில் பூ விழ வைப்பது கிருமியா, நம் உடம்பா? தெரியுமா உங்களுக்கு?

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கிரைண்டிங் வேலை பார்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "கண்ணுல பொறி விழுந்துச்சு, கசக்கி விட்டுட்டு வேலையப் பார்த்தேன்" என்பார்கள். அந்தப் பொறி போய்க் குத்தும் கருவிழிப்படலத்தின் கனம் எவ்வளவு தெரியுமா? நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான்! அதில் ரத்தக்குழாய் ஒன்றுகூடக் கிடையாது! ஒட்டிக்கொண்டது இரும்புத் துகள் என்றால், ஒரே நாளுக்குள் அதைச் சுற்றித் துரு வளையமே கட்டிவிடும்!

கண்ணீரே கிருமிக்கொல்லி, தெரியுமா? பென்சிலினுக்கு முன்பே, 1922-ல், அலெக்சாண்டர் பிளெமிங் அறிவித்த லைசோசைம் கண்ணீரில் ஏராளம். கண்ணீரைச் சேகரிக்க, ஆட்களின் கண்ணில் எலுமிச்சைத் தோலைப் பிழிந்து அழ வைத்தார்! கீறல் விழாத மேல்தோலும் இந்தக் கண்ணீரும் சேர்ந்தால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் உள்ளே நுழையவே முடியாது. ஒரு சின்னக் கீறல் போதும், வாசல் திறந்துவிடும். மதுரையில் 1994-ல் மூன்று மாதங்களில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்தபோது, மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அதற்கு முன் கண்ணில் அடிபட்டிருந்தது.

இனிதான் பெரிய அதிசயம்! கிருமி நுழைந்ததும் கருவிழியின் செல்கள் ரசாயனக் குரல் கொடுத்து வெள்ளணுக்களை அழைக்கின்றன. ஓரத்து ரத்தக்குழாய்களிலிருந்து அவை படையெடுத்து வந்து, கிருமியைக் கொல்லும் நொதிகளைக் கொட்டுகின்றன. அதே நொதிகள், கருவிழியைக் கண்ணாடிபோல் வைத்திருக்கும் கொலாஜன் இழைகளையும் அரித்துவிடும்! திருடனைப் பிடிக்க வந்தவர்கள் வீட்டுச் சுவரை இடித்த கதைதான். செத்த பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை மட்டும் எலியின் கீறிய கண்ணில் வைத்தாலும் அழற்சி மூள்கிறது! கருவிழிக்குப் பின்னால் வெள்ளையாகச் சீழ் தேங்கி நிற்கிறதே, பாக்டீரியாப் புண்களில் பெரும்பாலும் அதில் கிருமியே இருக்காது. அத்தனையும் நம் வெள்ளணுக்கள்! கிருமி ஒழிந்த பிறகும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். ஊரில் "பூ விழுந்துடுச்சு" என்பது அதைத்தான்.

அப்படியானால் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டால் சரியாகிவிடுமா? உலகமே குழம்பிய இந்தக் கேள்விக்கு விடை தேடிய மிகப் பெரிய சோதனை நடந்தது நம் தமிழ்நாட்டில், தெரியுமா? 500 நோயாளிகள், அவர்களில் 485 பேர் மதுரை, கோவை, திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள்! மருத்துவர் எம். ஸ்ரீனிவாசன் குழுவினர், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினரோடு சேர்ந்து செய்தது. முதல் 48 மணி நேரம் ஆன்டிபயாடிக் மட்டும், பிறகு பாதிப் பேருக்கு ஸ்டீராய்டும் சேர்த்து. 2012-ல் வந்த முடிவு: மொத்தத்தில் பார்வையில் வித்தியாசமே இல்லை! ஆனால் விரல்களை எண்ணும் அளவுக்கோ அதைவிட மோசமாகவோ பார்வை போனவர்களில் ஸ்டீராய்டு விட்டவர்களுக்கு, பார்வை அட்டையில் கிட்டத்தட்ட இரண்டு வரி கூடுதலாகத் தெரிந்தது! நோகார்டியா என்ற பாக்டீரியா பிடித்தவர்களுக்கோ ஸ்டீராய்டால் தழும்பு பெரிதானது. பூஞ்சைப் புண் என்றால் ஸ்டீராய்டு நோயை இன்னும் வளர்த்துவிடும். எந்தக் கிருமி என்று சுரண்டி எடுத்துப் பார்க்காமல், மெடிக்கல் ஷாப்பில் "கண் சிவந்திருக்கு, ஏதாவது டிராப்ஸ் குடுங்க" என்று வாங்குவது எவ்வளவு ஆபத்து, பாருங்கள்!

இந்தச் சண்டையே மூளாமல் தடுக்க முடியும், அது தெரியுமா? நேபாளத்தின் பக்தபூரில் கருவிழியில் கீறல் பட்ட 442 பேருக்கு மூன்று நாள் குளோராம்பெனிகால் களிம்பு போட்டார்கள். 424 பேருக்குத் தொற்று இல்லாமலே ஆறியது! காயம்பட்டு 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை! பொறி விழுந்தவுடன் மருத்துவரிடம் போவதுதான் முறை. அந்த 18 மணி நேரக் கணக்கில் பார்த்தால், நைட் ஷிப்டில் 10 மணிக்குக் கீறல் பட்டவருக்குக் கெடு மறுநாள் மாலை 4 மணி. அறைக்குப் போய்த் தூங்கி எழுந்தால் அதில் பாதிக்கு மேல் போய்விடும்!