கம்பெனிகிட்ட நிதி கேட்கப் போறீங்களா? பேராவூரணி கதையை முதல்ல கேளுங்க!

ஊர் ஏரியைத் தூர்வாரணும். மன்றத்தில் முப்பது பேர் இருக்கீங்க, உடம்பில் தெம்பும் இருக்கு. ஆனால், ஹிட்டாச்சி வாடகைக்கும் டீசலுக்கும் காசு இல்லை. அப்போ வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர் கண்டிப்பா எழுதுவார்: ''மச்சி, பெரிய கம்பெனி எதுகிட்டயாவது சி.எஸ்.ஆர் ஃபண்ட் கேட்போம்டா!''

தாராளமா கேட்கலாம். ஆனால், அது முதலில் வரும் காசு இல்லை என்பதைத் தெரிஞ்சுக்கிட்டுக் கேளுங்க.

பேராவூரணியை எடுத்துக்குவோம். கல்லணைக் கால்வாயின் கடைமடை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அங்கே தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. நிவாரணத்துக்காகச் சேர்ந்த இளைஞர்கள் அதோடு கலையவில்லை. கடைமடைப் பகுதி விவசாயிகளோடு சேர்ந்து 'கைஃபா' என்ற அமைப்பானார்கள். துபாயில் பார்த்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டு வந்த நிமல் ராகவன் அதில் முன்நின்றவர். 2019-ல் 564 ஏக்கர் பேராவூரணி பெரியகுளத்தில் இறங்கினார்கள். கம்பெனி செக்கை எதிர்பார்த்து அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. ஊர்க்காரர்களும் வெளியூரில் இருந்த சொந்தபந்தங்களும் கொடுத்த பணத்தில்தான் வேலை தொடங்கியது. ஏரி கண்ணுக்குத் தெரிந்த பிறகு, அடுத்தடுத்த ஏரிகளுக்கு ஆதரவு தேடிவந்தது.

இந்த வரிசைக்குச் சட்டமும் ஒரு காரணம். 2014 ஏப்ரல் முதல், நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் - இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். ஆனால், அதை வெளி அமைப்பு மூலம் செய்வதாக இருந்தால், அந்த அமைப்பு சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவாகியிருக்க வேண்டும். வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி வேண்டும். அதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரலில் இருந்து சி.எஸ்.ஆர்-1 படிவப் பதிவும் கட்டாயம். செயலாளர் தம்பியின் சொந்த ஜிபே நம்பரில் வரவு செலவு பார்க்கிற மன்றத்துக்கு எந்தக் கம்பெனியும் செக் எழுதாது.

அப்போ மூணு வருஷம் சும்மா இருக்கணுமா? வேண்டாம். ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கம் பதியலாம். பதிந்த கையோடு வங்கிக் கணக்கு, ரசீது புத்தகம், வருஷா வருஷம் ஆடிட்டர் கையெழுத்து. அதுவரை, தகுதியுள்ள ஒரு அறக்கட்டளையோடு சேர்ந்து களவேலையை நீங்க பாருங்க. மாநில அரசின் 'நமக்கு நாமே' திட்டமும் இருக்கு. 1997-98-ல் வந்த திட்டம், 2021-ல் மறுபடி உயிர்பெற்றது. ஊர் தன் பங்கைக் கட்டினால், மீதியை அரசு போடும். என்னைக் கேட்டால், புது மன்றம் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான்.

கபடிப் போட்டி நடத்துறீங்களா? கோப்பையில் பெயர், பேனரில் லோகோ என்று கேட்டு வாங்கும் ஸ்பான்சர்ஷிப் சி.எஸ்.ஆர் கணக்கில் வராது. அது விளம்பரச் செலவு. கடைத்தெரு ஜவுளிக்கடைக்காரரும் உரக்கடைக்காரரும் அதற்குத்தான் இருக்காங்க. அதே கபடிக்கு வருஷம் முழுக்கப் பயிற்சி கொடுத்தால், அது சட்டம் சொல்லும் பட்டியலில் இருக்கு.

கம்பெனி தான் தொழில் செய்யும் பகுதிக்கு முன்னுரிமை தரணும் என்பதும் சட்டத்தில் உண்டு. அதனால் சென்னைக்கு மெயில் தட்டும் முன், உங்க ஊரைச் சுற்றி யார் இருக்காங்கன்னு பாருங்க. 1904-ல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கிக்குத் தலைமையிடமே கும்பகோணம்தான். மார்ச் கடைசியில் போய் நிற்காதீங்க. அடுத்த வருஷத் திட்டம் போடும் முன்பே போங்க. கையில் இரண்டு பக்கக் கடிதம் போதும். எத்தனை ஏக்கர் பாசனம், எத்தனை மணி நேர மெஷின் வேலை, ஊர் எவ்வளவு போட்டிருக்கு, மண்ணை எங்கே கொட்டப்போறீங்க. கூடவே அனுமதிக் கடிதம். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு என்றால் நீர்வளத்துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். இது இல்லாமல் மெஷினை இறக்கினால் மணல் திருட்டு என்று புகார் போகும்.

சிங்கப்பூர் மாமா பணம் அனுப்புறேன்னு சொல்றாரா? அவர் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையதுன்னு கேளுங்க. இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் பிரச்னை இல்லை. குடியுரிமை மாறியிருந்தால், எஃப்.சி.ஆர்.ஏ பதிவு இல்லாத சங்கம் அவரிடம் நூறு ரூபாய்கூட வாங்கக்கூடாது.

கடைசியா, டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கல். இங்கே பெரிய கம்பெனி என்றாலே எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள்தான் நினைவுக்கு வரும். 2017-ல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து ஊரே தெருவுக்கு வந்ததும், 2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் காசில் பள்ளிக்கூடத்துக்குக் கழிவறை கட்டலாமா, கூடாதா? இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறவர்கள் உங்க மன்றத்திலேயே இருப்பாங்க. கடிதம் எழுதும் முன்பே கூட்டம் போட்டுப் பேசி, முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க. செக் வந்த பிறகு இந்தப் பேச்சை ஆரம்பித்தால், ஏரி வேலை பாதியில் நிற்க, மன்றம் இரண்டாகிவிடும்.