மூலிகைதானே என்று விழுங்கலாமா?

“இது மூலிகைக் குளிசை, பக்கவிளைவு ஒன்றுமில்லை.” உடல் மெலியக் குளிசை விற்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். பிள்ளைப்பேற்றுக்குப் பின் நிறை கூடிவிட்டதே என்று கவலைப்படும் பெண்ணுக்கு அந்த ஒரு சொல்லே போதுமாகிவிடுகிறது.

சீனாவின் வறண்ட நிலங்களில் வளரும் ‘மா ஹுவாங்’ என்ற செடியும் மூலிகைதான். சீன வைத்தியர்கள் அதனைத் தடிமனுக்கும் தொய்வுக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1885இல் யப்பானியரான நாகாய் நாகயோஷி அதிலிருந்து எபிட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1920களில் அது மேலைநாட்டு வைத்தியத்திலும் புகுந்தது. பின்னர் சல்பியூட்டமோல் போன்றவை வந்ததும் தொய்வு நோயாளருக்கு அதன் தேவை குறைந்தது.

ஆனாலும் எபிட்ரினை வைத்தியம் கைவிடவில்லை. சிசேரியன் சத்திரசிகிச்சைக்காக முதுகில் ஊசி போடும்போது தாயின் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுவதுண்டு. அதனை உயர்த்த நாளத்தினூடாகச் சிறிதளவு எபிட்ரின் ஏற்றுவார்கள். அப்போது மயக்கமருந்து வைத்தியர் அருகில் நின்று அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்தபடியே இருப்பார். வீட்டில் குளிசை விழுங்குபவளுக்கு அருகில் யார் நிற்கிறார்கள்?

எபிட்ரின் உடலுக்குள் போனால், நாம் பயந்தபோது ஏற்படும் நிலைதான் உண்டாகிறது. இருதயம் வேகமாக அடிக்கும், இரத்தக் குழாய்கள் சுருங்கும், பசி அடங்கும், நித்திரை வராது. பசி அடங்குவதைக் கண்டுதான் வியாபாரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய ‘துணை உணவுகளை’ விற்குமுன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. கோப்பியிலுள்ள கஃபீனையும் சேர்த்து விற்றார்கள்.

கிடைத்த பலன்தான் என்ன? 2003இல் வெளியான ஆய்வுத் தொகுப்பின்படி, வெற்றுக் குளிசை எடுத்தவர்களைவிட மாதத்துக்கு ஒரு கிலோவுக்கும் குறைவாகவே கூடுதலாக மெலிந்தார்கள். படபடப்பு, மனக்குழப்பம், வயிற்றுக் கோளாறு ஆகியவற்றுக்கான வாய்ப்போ இரண்டு முதல் மூன்றரை மடங்கு. அதே ஆண்டு பெப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது பேஸ்போல் வீரர் பயிற்சியின்போது வெப்பத்தாக்கத்தால் விழுந்து இறந்தார். அவர் எடுத்த குளிசையும் ஒரு காரணம் என்றார் பிரேத பரிசோதனை செய்த வைத்தியர். 2004 ஏப்ரலில் இச்செடி சேர்ந்த துணை உணவுகள் அங்கு தடைசெய்யப்பட்டன. உடனே கசப்புத் தோடம்பழச் சாற்றில் செய்த குளிசைகள் கடைக்கு வந்தன. அதிலுள்ள சினெப்ரினும் எபிட்ரினுக்கு உறவுதான்!

பிரஷர், இருதய நோய், தைரொயிட் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இவற்றைத் தொடவே கூடாது. ஏற்கனவே விழுங்கி நெஞ்சு படபடத்தால், வெட்கப்படாமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் வைத்தியர் சரியாகச் சிகிச்சை அளிக்கலாம்.