உங்களுக்குத் தெரியுமா? ஃபைட்டர் மீனின் வால் நைந்துபோனால்…

கிழிசலா, அழுகலா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் வளரும் ஃபைட்டர் மீன்களில் பல, பக்கத்துக் கொளத்தூரிலிருந்து பாலிதீன் கவரில் வந்து சேர்ந்தவை. வந்த சில வாரத்தில் வால் நைந்துவிட்டால் உடனே மருந்துக் குப்பியைத் தேடிப் போகிறோம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. செல்போன் டார்ச்சைத் தொட்டிக்குப் பின்னால் பிடித்து, வெளிச்சம் வாலை ஊடுருவி வரும்படி பாருங்கள். வெறும் கிழிசல் என்றால் கோடு நேராக இருக்கும். இரண்டு பக்கமும் நிறம் மாறாது, சதைப் பகுதி எதுவும் குறைந்திருக்காது. அழுகல் என்றால் ஓரம் கரையான் அரித்த காகிதம் போலச் சீரற்று இருக்கும். விளிம்பில் கறுப்பாகவோ பழுப்பாகவோ சிவப்பாகவோ ஒரு கோடு ஓடும், சில மீன்களில் வெள்ளைப் படலமும் தெரியும். சந்தேகம் தீரவில்லையா? தினமும் ஒரே நேரத்தில் ஒரு போட்டோ எடுங்கள். கிழிசல் அப்படியே நிற்கும். அழுகல் உடம்பை நோக்கி நகர்ந்துகொண்டே போகும்.

மூன்றாவதாக ஒன்று

ராத்திரி முழுசாக இருந்த வாலில் காலையில் அரைவட்டமாக ஒரு துண்டைக் காணோம் என்றால், அது நோய் அல்ல. மீனே தன் வாலைக் கடித்துக்கொண்டிருக்கிறது. வால் 180 டிகிரிக்கு விரியும் ஹாஃப்மூன் ஆண்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். அவ்வளவு கனமான வாலை இழுத்துக்கொண்டு, ஃபில்டர் தள்ளும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவது அதற்குப் பெரும் பாடு. மருந்து இதற்கு உதவாது. நீரோட்டத்தைக் குறையுங்கள், தொட்டியில் ஒளிந்துகொள்ள இடம் கொடுங்கள், கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்து நாளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்காதபடி பின்பக்கம் ஒரு தாளை ஒட்டுங்கள்.

கிரவுன் டெயில் அப்படித்தான் இருக்கும்

இந்தோனேசியாவில் 1990களில் உருவான கிரவுன் டெயில் வகையின் துடுப்பு, சீப்புப் பற்களாகப் பிரிந்தே வளரும். அதைக் கிழிசல் என்று நினைத்து உப்புப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை.

கிருமி எங்கிருந்தும் வருவதில்லை

துடுப்பு அழுகலை உண்டாக்கும் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நல்ல தொட்டியிலும் எப்போதும் இருப்பவைதான். மீன் தெம்பாக இருக்கும்வரை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் கெட்டால், குளிர்ந்தால், காயம் பட்டால் உள்ளே நுழைந்துவிடும். அதனால்தான் தண்ணீரைச் சரிசெய்யாமல் மருந்து மட்டும் ஊற்றிய மீனுக்கு நோய் திரும்பத் திரும்ப வருகிறது. ஆரம்ப நிலை அழுகலில் பாதிக்கு மேல் சுத்தமான தண்ணீராலேயே அடங்கிவிடும் என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு.

போர் தண்ணீரும் அமோனியாவும்

நம் பகுதிக்கு மிக முக்கியமான செய்தி இது. மீனின் கழிவிலும் செவுளிலும் இருந்து வெளிவரும் அமோனியா, தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாது, இன்னொன்று கொடிய நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச் அளவும் சூடும் முடிவு செய்கின்றன. 28 டிகிரி செல்சியஸில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நஞ்சாக இருக்காது. பிஎச் 8 ஆனால் ஆறு பங்குக்கு மேல் போய்விடும். ஏறத்தாழ ஒன்பது மடங்கு! உப்புக் கறை படியும் கடின போர் தண்ணீரில் பிஎச் பெரும்பாலும் 7-க்கு மேலேதான் நிற்கும். ஆகவே அதே அளவு தீனி, அதே அளவு கழிவு இருந்தும், மெட்ரோ தண்ணீர்த் தொட்டியில் தாக்குப்பிடிக்கும் மீன் போர் தண்ணீர்த் தொட்டியில் வால் கருகி நிற்கும். ஃபில்டர் இல்லாத சின்னக் கிண்ணத்தில் இது ஓரிரு நாளிலேயே நடந்துவிடும். 15, 20 லிட்டர் தொட்டியும் மெதுவாக ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் எந்த மருந்தைவிடவும் பெரிய காப்பு.

அதற்காக ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதில் மீனுக்கு வேண்டிய தாது உப்புகள் இருக்காது, பிஎச்சும் நிலையாக நிற்காது. கடினமான போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் போதும்.

குளோரின்

செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. அங்கிருந்தோ புழலிலிருந்தோ குழாயிலும் லாரியிலும் வரும் தண்ணீரில் நம் நலனுக்காகக் குளோரின் கலந்திருக்கும். இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. நமக்கு நல்லதான அந்தக் குளோரின் மீனின் செவுளை எரிக்கும். வாய் அகன்ற பக்கெட்டில் பிடித்து 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரத்துக்கு மீன் கடைகளில் ‘ஆன்டி குளோரின்’ என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் இருக்கிறது. மழைக்காலத்தில் குளோரின் கூடுதலாகக் கலக்கும் நாள்களில் மூக்கிலேயே வாடை தெரியும். அன்று காத்திருப்பதைவிட மருந்துச் சொட்டு நல்லது.

மொட்டை மாடி டேங்க் எச்சரிக்கை

மே மாத மதியம் குழாயைத் திறந்தால் வருவது கிட்டத்தட்ட வெந்நீர். அதை நேராகத் தொட்டியில் ஊற்றினால் மீன் அதிர்ந்துபோகும். விடியற்காலையில் பிடித்து, வீட்டுக்குள் நிழலில் வைத்து, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றுங்கள்.

மார்கழியில் அழுகல் ஏன் அதிகம்?

ஃபைட்டருக்கு 25 முதல் 28 டிகிரி வரை இதமான சூடு. சென்னையின் ஜனவரி இரவுகள் 20, 21 டிகிரிக்கு இறங்கும். மரங்களும் ஏரியும் உள்ள ஆவடி, பருத்திப்பட்டுப் பக்கம் இன்னும் கொஞ்சம் குளிரும். குளிரில் மீனின் எதிர்ப்புச் சக்தி தளரும், காயம் ஆறுவதும் மந்தமாகும். மார்கழி, தை இரண்டு மாதத்துக்கு மட்டும் 25 வாட் ஹீட்டர் ஒன்றைப் போட்டால் மின்சாரச் செலவு பெரிதாக வராது. தெர்மாமீட்டர் இல்லாமல் மட்டும் ஹீட்டர் போடாதீர்கள்.

உப்பு: எவ்வளவு, எத்தனை நாள்?

சுத்தமான தண்ணீரில் மூன்று நான்கு நாள் வைத்தும் அழுகல் நிற்கவில்லை என்றால் அடுத்து உப்பு. நன்னீர் மீனின் உடம்புக்குள் தண்ணீர் சதா ஊறிக்கொண்டே இருக்கும், உப்பு கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். துடுப்பில் புண் இருந்தால் அந்தக் கசிவு கூடும். தண்ணீரில் சிறிது உப்புச் சேர்த்தால் மீனின் அந்தப் பாரம் குறைகிறது, அதே நேரத்தில் சில கிருமிகளுக்கும் அது ஒத்துக்கொள்ளாது.

அளவு லிட்டருக்கு ஒரு கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை. 10 லிட்டருக்குத் தலை தட்டிய இரண்டு டீஸ்பூன். தனிக் குவளையில் கரைத்து, அரை நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கல்லாக அப்படியே போட்டால் அடியில் கிடக்கும் மீனின் தோல் வெந்துவிடும். பலரும் தவறுவது அடுத்த கட்டத்தில். உப்பு ஆவியாகாது. வற்றிய தண்ணீரை ஈடுகட்ட வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கால்வாசித் தண்ணீரை வெளியேற்றி மாற்றினால், வெளியேறிய கால்வாசிக்கான உப்பை மட்டும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முழு அளவு போட்டால் ஒரு வாரத்தில் தொட்டி உவர்ந்துவிடும். பத்து நாளோடு நிறுத்திவிடுங்கள். தொட்டியில் செடி இருந்தால் மீனைத் தனி டப்பில் வைத்து இதைச் செய்யுங்கள்.

மளிகைக் கடையில் சாப்பாட்டுக்கு விற்கும் உப்பில், கல்லுப்பானாலும், அயோடின் சேர்த்திருக்க வேண்டும் என்பது சட்டம். தூளுப்பில் கட்டி தட்டாமல் இருக்க வேறு பொருள்களும் கலந்திருக்கும். மீன் கடையில் அக்வேரியம் உப்பு என்று கேட்டு வாங்குவதே மேல். எப்சம் உப்பு வேறு சங்கதி. அது வயிறு உப்பிய மீனுக்கு, வால் அழுகலுக்கு அல்ல.

பள்ளிக்கூட வாசல் பாதாம் மரம்

தாய்லாந்தில் ஃபைட்டர் வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் போடும் இலை, நம் தெருவில் குடை விரித்து நிற்கும் நாட்டுப் பாதாம் மர இலைதான். இந்த மரத்தின் சாறு சில மீன் நோய்க் கிருமிகளை அடக்குவதாக 2005இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள், அவர்கள் சோதித்தது திலேப்பியா மீனின் நோய்க் கிருமிகளில். இலையிலிருந்து இறங்கும் டானின் தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும். கிழிந்த வால் ஆறும்வரை அது மென்மையான துணை. தானே சிவந்து, உதிர்ந்து, சருகான இலையைத்தான் எடுக்க வேண்டும். கழுவி, 15, 20 லிட்டருக்கு ஒன்று போட்டு, இரண்டு வாரத்தில் மாற்றுங்கள். அம்பத்தூர் எஸ்டேட் சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்து மரங்கள் வேண்டாம். லாரிப் புகையின் கரி இலையில் படிந்திருக்கும். பிஎச்சை இறக்குவதற்கு இதை நம்பவும் வேண்டாம். நம் போர் தண்ணீரின் கடினத்தன்மைக்கு முன் ஓரிரு இலை எம்மாத்திரம்!

மஞ்சள் தூள் வேண்டாம். அடியில் படிந்து தண்ணீரைக் கெடுக்கும்.

நீல மருந்து

கடையில் ‘மெத்திலீன் ப்ளூ’ கேட்காமலே கையில் கொடுப்பார்கள். பூஞ்சைக்கு நல்ல மருந்து, துடுப்பை அழுகச் செய்யும் பாக்டீரியாவுக்கு எதிராக அவ்வளவு பலனில்லை. ஃபில்டரில் குடியிருந்து அமோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவையும் அது அழித்துவிடும். அந்தக் கூட்டம் மீண்டும் வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். போட்டே ஆக வேண்டும் என்றால் தனி டப்பில் போடுங்கள்.

மனிதருக்கான கேப்சூல்

டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த மருந்து தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டு வலுவிழந்துவிடும். கடின போர் தண்ணீரில் அதில் பெரும்பகுதி வீண். சாகாமல் தப்பிய கிருமிகளோ மருந்துக்குப் பழகிப்போகும், அந்தத் தண்ணீரை நாம் சாக்கடையில்தான் ஊற்றுகிறோம். டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதே சட்டப்படி தவறு. அழுகல் உடம்பை நெருங்கிவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, மாதவரத்திலும் பொன்னேரியிலும் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக வளாகங்களிலோ கேளுங்கள்.

ஒரே நாளில் பரவினால்

முதுகில் சேணம் போல வெளிறிய திட்டு, வாயோரம் பஞ்சு போன்ற படலம், மணிக்கு மணி பெரிதாகும் புண் இருந்தால் அது சாதாரண அழுகலாக இருக்காது. காலம்னாரிஸ் என்ற கிருமியின் வேலையாக இருக்கலாம். இது சூட்டில் வேகம் எடுக்கும். ஹீட்டரைக் கூட்டாதீர்கள். மீனைத் தனியாக்கி அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அதன் வலை, டியூப் எதையும் இன்னொரு தொட்டியில் விடக்கூடாது.

துப்பட்டாப் பரிசோதனை

பழைய சிஃபான் துப்பட்டாவின் ஓரத்தைத் தொட்டியில் உள்ள பிளாஸ்டிக் செடி மீதும் அலங்காரப் பொம்மை மீதும் மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் துடுப்பும் சிக்கும். அதை எடுத்துவிட்டு, வேலம்பாசி போன்ற உயிர்ச் செடி வையுங்கள்.

கரண்ட் போனால்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் பக்கம் பல தெருக்கள் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. காற்று மோட்டார் நின்றாலும் ஃபைட்டர் மூச்சுத் திணறாது. தலைக்குள் இருக்கும் லாபிரிந்த் என்ற உறுப்பால் மேலே வந்து நேரடியாகக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் ஃபில்டர் பாக்டீரியா அப்படித் தாங்காது. கரண்ட் திரும்பிய பிறகு வரும் ஒரு வாரம் தீனியைப் பாதியாக்கி, தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். புயலுக்குப் பின் வரும் வால் அழுகலில் பெரும்பகுதியை இதுவே தடுக்கும்.

நம்மூர் உறவுக்காரர்கள்

இந்தக் காற்று சுவாசிக்கும் குடும்பத்துக்குத் தமிழ் மண்ணில் பழைய சொந்தங்கள் உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியில் பணிபுரிந்த டால்டோர்ஃப் என்பவர், 1791இல் பனையேறிக் கெண்டை மரத்தில் ஏறியதைக் கண்டதாக எழுதினார். அதைவிட நெருங்கிய சொந்தமான கூர்வால் சிறுமீன், புதுச்சேரி அரியாங்குப்பத்து ஆற்றிலிருந்து 1831இல் விவரிக்கப்பட்டது. இவை எல்லாம் செடி அடர்ந்த, ஓட்டமில்லாத நீரை விரும்புபவை. உங்கள் தொட்டியையும் அப்படி அமைத்தால் கிழிசலே குறையும்.

வால் திரும்ப முளைக்கும்

மீன் துடுப்பு வெட்டுப்பட்டாலும் வளரும் என்பதை பிரெஞ்சு அறிஞர் புரூசோனே 1786லேயே எழுதிவிட்டார். அழுகல் துடுப்பின் அடிவேர் வரை போகாதவரை ஃபைட்டருக்கும் வளரும். முதலில் விளிம்பில் கண்ணாடி போலத் தெளிவான ஓரம் தெரியும். அதை வெள்ளைப் படலம் என்று பயந்து மறுபடி மருந்து ஊற்றாதீர்கள், அதுதான் புதுத் துடுப்பு. நிறம் பின்னால் ஏறும், சில சமயம் பழைய நிறத்திலிருந்து மாறியும் இருக்கும்.

தீனி

ஃபைட்டர் புழுபூச்சி தின்னும் மீன். ஆறும் காலத்தில் புரதம் வேண்டும், ஆனால் வேளைக்கு இரண்டு மூன்று குருணை போதும். மிச்சம் அழுகினால் அதுவும் அமோனியாதான். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடையிலும் கழிவு நீரோடையிலும் வளர்வது, புண் உள்ள மீனுக்குக் கொடுக்காதீர்கள்.

வாங்கும்போதே

கொளத்தூர்க் கடையில் வரிசையாக நிற்கும் குப்பிகளில் வால் பெரிதாக இருப்பதை மட்டும் பார்க்காமல், விரலைக் குப்பியருகே கொண்டுபோங்கள். நல்ல மீன் திரும்பிப் பார்த்துத் துடுப்பை விரிக்கும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் படுத்திருப்பதை விட்டுவிடுங்கள். வளர்ப்பதற்கு இதுவே முதல் முறை என்றால் வால் குட்டையான பிளாகாட் வகை வாங்குங்கள். வால் சிறிது, கிழிய வாய்ப்பும் சிறிது. வீட்டுக்கு வந்ததும் பழைய தொட்டியில் விடாமல் இரண்டு வாரம் தனியாக வைத்திருங்கள்.