எழுத்துப் பிழை என்னும் சான்று

1896ஆம் ஆண்டு நவம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு சிறு குறிப்பு வெளிவந்தது. எழுதியவர் இங்கிலாந்தின் தென்கரை ஊரான சீபோர்டைச் சேர்ந்த பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர். 14 அகவைச் சிறுவன் ஒருவனைப் பற்றிய குறிப்பு அது. கூர்மதியுடையவன், விளையாட்டில் எவருக்கும் பின்தங்காதவன், 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னால் விரைந்து பிழையின்றிச் செய்பவன். ஆயினும், ஏழாண்டு இடைவிடாது கற்பித்த பின்னும் எளிய சொற்களையே அவனால் வாசிக்க இயலவில்லை. தன் பெயரை எழுதும்போது இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி எழுதினான்; சுட்டிக்காட்டிய பின்னும் அது அவனுக்கு உடனே புலப்படவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே சிறந்த மாணவன் இவன்தான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து.

இன்று டிஸ்லெக்சியா என்றும் கற்றல் குறைபாடு என்றும் நாம் அறிந்துள்ள நிலையின் தொடக்கக் கால மருத்துவப் பதிவுகளுள் இது ஒன்று. மார்கன் இதனைச் சொற்களின் வடிவை மூளை நினைவில் இருத்தாத குறை என்று கொண்டார். அவருக்குப் பின் வந்தோரும் நெடுங்காலம் பார்வையைச் சுற்றியே சிந்தித்தனர். குழந்தைகள் எழுத்துகளைத் தலைகீழாகவும் இடவல மாற்றமாகவும் எழுதியது அவ்வெண்ணத்தை வலுப்படுத்தியது. 1970களில் பிராங்க் வெல்லுட்டினோ என்னும் அமெரிக்க உளவியலார் ஒரு நல்ல சோதனை செய்தார். எபிரேய எழுத்தை அறியாத சிறுவர்களிடம் எபிரேயச் சொற்களைக் காட்டி மறைத்து, நினைவிலிருந்து வரையச் சொன்னார். வாசிப்பில் பின்தங்கியோரும் நன்கு வாசிப்போரும் அதனை ஏறத்தாழ ஒன்றுபோலவே செய்தனர். எழுத்துக்கு ஒலியும் பெயரும் இல்லாதபோது இரு சாராரிடையே வேறுபாடும் இல்லை. எனவே, இடர்ப்பாட்டின் வேரைக் கண்ணில் தேடுவதை விட்டு, எழுத்தை ஒலியோடு பிணைக்கும் இடத்தில் தேடலாயினர்.

பேச்சில் ஒலிகள் தனித்தனியே நிற்பதில்லை. ஒன்றனுள் ஒன்று கலந்தே வாயிலிருந்து வெளிப்படுகின்றன. ஒரு சொல்லில் எத்தனை அசை என்பதைச் சிறு குழந்தையும் ஓரளவு உணரும். எத்தனை தனியொலி என்பதை உணராது. இசபெல் லிபர்மனும் உடனாய்வாளரும் 1974இல் இதனை அளந்து காட்டினர். சொல்லைக் கேட்டு அதன் பகுதிகளின் எண்ணிக்கைக்கேற்ப மேசையில் தட்ட வேண்டும். நான்கு அகவையினருள் ஏறத்தாழப் பாதிப் பேர் அசைகளைச் சரியாகத் தட்டினர்; தனியொலிகளைத் தட்ட ஒருவராலும் இயலவில்லை. முதல் வகுப்பின் முடிவிலோ 70 விழுக்காட்டினர் தட்டினர். அகவை முதிர்ந்ததனால் மட்டும் வந்த திறன் அன்று இது. 1979இல் போர்ச்சுகலில் நடந்த ஆய்வில், எழுதப் படிக்க அறியாத பெரியவர்களால் ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்ல இயலவில்லை. முதியோர் கல்வியில் எழுத்தறிந்தவர்களுக்கு அது இயன்றது. எழுத்துதான் காதுக்கு ஒலியைப் பிரித்துக் காட்டுகிறது. கற்றல் இடர்ப்பாடுடைய குழந்தைக்கு இந்தப் பிரிப்புத்தான் எளிதில் கைகூடுவதில்லை.

வாசிக்கவும் எழுதவும் கற்கும் திறன் வளரும் முறையை 1985இல் உளவியலார் ஊட்டா பிரித் மூன்று கட்டங்களாக விளக்கினார். முதலில் குழந்தை சொல்லைப் படம் போலப் பார்க்கிறது. 'மரம்' என்ற சொல்லின் முதலெழுத்தை மட்டும் கண்டு 'மலர்' என்று சொல்லிவிடும். அடுத்து எழுத்துக்கு ஒலி, ஒலிக்கு எழுத்து என்று கூட்டத் தொடங்குகிறது. கடைசியில் எழுத்துக்கூட்டாமலே சொல் முழுவதையும் ஒருங்கே அறிகிறது. அவர் கூறியவற்றுள் ஆசிரியர்கள் பெரிதும் கருத வேண்டியது ஒன்றுண்டு. வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் இக்கட்டங்களை ஒரே நேரத்தில் கடப்பதில்லை. இரண்டாம் கட்டத்தில் எழுதுதல் முந்துகிறது. மூன்றாம் கட்டத்தில் வாசித்தல் முந்துகிறது. தொடக்கத்தில் சில குழந்தைகள் தாம் எழுதிய சொல்லையே வாசிக்க இயலாமல் நிற்பதும், பின்னாளில் சரளமாக வாசிக்கும் மாணவர் எழுதும்போது தடுமாறுவதும் இதனால்தான்.

ஆகவே, ஒரு குழந்தையின் திறன் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அறியச் சிறந்த ஆவணம் அதன் சொல்வதெழுதுதல் ஏடே என்பது என் துணிபு. நாம் அதில் சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண்ணைக் குறைப்பதோடு நின்றுவிடுகிறோம்.

தமிழ்க் குழந்தை 'இலை' என்பதை 'எலை' என்றும், 'குடை' என்பதைக் 'கொடை' என்றும், 'உடம்பு' என்பதை 'ஒடம்பு' என்றும் எழுதினால் அதன் காது பழுதின்றி இயங்குகிறது என்றே பொருள். வீட்டில் கேட்ட பேச்சை அது அப்படியே எழுத்தாக்கியிருக்கிறது. ஒலியைப் பிரிக்கவும், பிரித்த ஒலிக்கு எழுத்தைத் தேடவும் அதற்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு வேண்டியது எழுத்து வழக்கோடு கூடுதல் பழக்கம். கதைகளை உரக்க வாசித்துக் காட்டினால் பெரும்பகுதி தீரும். 'பழம்' என்பதைப் 'பளம்' என்று எழுதுவதும் ஏறத்தாழ இவ்வகையே. ழகரமும் ளகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்ட வட்டாரங்களில் காது அவ்வேறுபாட்டைத் தராது; கண்தான் பலமுறை கண்டு நினைவில் கொள்ள வேண்டும்.

'பந்து' என்பதைப் 'பது' என்றும் 'நண்டு' என்பதை 'நடு' என்றும் எழுதும் குழந்தையின் நிலை வேறு. மெல்லின ஒற்று தன் முன்னுள்ள உயிரிலும் பின்னுள்ள வல்லினத்திலும் தோய்ந்து ஒலிப்பதால், அதனைத் தனியே பிடிப்பது கடினம். ஆங்கிலக் குழந்தைகளும் இதே இடத்தில் மெல்லொலியை விட்டு எழுதுவதைச் சார்லசு ரீட் 1971இலேயே பதிவு செய்தார். பள்ளிக்குச் செல்லாத சிறுவர் தாமாகவே எழுதிப் பார்த்த சொற்களை அவர் திரட்டியபோது, பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. பெரியவர்கள் மறந்துவிட்ட நுண்ணிய ஒலி வேறுபாடுகளைக்கூடச் சிறுவர்கள் எழுத்தில் காட்டியிருந்தனர். 'பது' என்று எழுதிய குழந்தையைப் 'பந்து' என்று பத்து முறை எழுதச் செய்தால் விரல் வலிக்குமேயன்றி ஒற்று காதில் விழாது. 'ப', 'ந்', 'து' என்று தனித்தனி அட்டைகளை வைத்து, நடு அட்டையை எடுத்தும் வைத்தும் சொல்லச் செய்வதே பயன் தரும். குறில் நெடில் மயக்கத்துக்கும் இதுவே வழி: 'படம்', 'பாடம்' என இணையாகச் சொல்லி, ஒலி நீளும் இடத்தைக் கையால் காட்டச் செய்யலாம்.

தமிழ் எழுத்து தனக்கே உரிய தடைகள் சிலவற்றையும் வைத்திருக்கிறது. 'கெ' என்பதில் பின்னர்க் கேட்கும் உயிர் முன்னர் எழுதப்படுகிறது. 'கொ' என்பதில் உயிர்க்குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. துணைக்காலை விட்டுவிட்டுப் 'பொம்மை' என்பதைப் 'பெம்மை' என்று எழுதும் குழந்தை கவனமின்மையால் எழுதுகிறது என்று கடிவது முறையன்று. ஒலியின் வரிசையும் குறியின் வரிசையும் முரணும் இடம் அது.

எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலான உறவு எவ்வளவு நேரியதோ அவ்வளவு விரைவில் வாசிப்பு வரும். 13 ஐரோப்பிய எழுத்துமுறைகளை ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வில், முதல் வகுப்பு முடிவில் பின்லாந்துக் குழந்தைகள் எளிய சொற்களுள் 98 விழுக்காட்டைச் சரியாக வாசித்தனர். ஆங்கிலம் பயின்ற ஸ்காட்லாந்துக் குழந்தைகள் 34 விழுக்காட்டையே. எனினும், நேரிய எழுத்துமுறை இடர்ப்பாட்டை நீக்கிவிடுவதில்லை. அதன் தோற்றத்தை மாற்றுகிறது. ஆஸ்திரியாவில் ஜெர்மன் பயிலும் குழந்தைகளை ஆராய்ந்த ஹைன்ஸ் விம்மர், இடர்ப்பாடுடையோர் அங்கே பெரும்பாலும் பிழையின்றி, ஆனால் மிக மெதுவாக வாசிப்பதைக் கண்டார். எழுத்துக்கூட்டலில் மட்டும் குறை வெளிப்படையாக நின்றது. தமிழும் வாசிக்கும் திசையில் பெரிதும் நேரியது; எழுதும் திசையில் ர-ற, ல-ள-ழ, ந-ன-ண ஆகியவற்றால் வழுக்குவது. எனவே நம் வகுப்பறைகளில், தட்டித் தடவியேனும் சரியாக வாசித்து முடிக்கும் குழந்தையின் இடர்ப்பாடு எவர் கண்ணிலும் படாமல் போகக்கூடும். எழுதும் ஏடு காட்டிக்கொடுக்கும்.

கற்றல் இடர்ப்பாடுடையோரின் பிழைகள் விந்தையானவை என்று பலர் எண்ணுகின்றனர். அவை பெரும்பாலும் அகவையில் இளைய குழந்தைகள் செய்யும் பிழைகளே. வகை அன்று, நீடிக்கும் காலமே வேறு. அக்காலத்தைக் குறுக்க முடியும். 1983இல் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரயண்டும் ஒலி வேறுபாட்டில் பின்தங்கிய சிறுவர்களுக்கு இரண்டாண்டில் 40 முறை பயிற்சி அளித்தனர். ஒலியை மட்டும் பயின்றோரைவிட, ஒலியோடு நெகிழி எழுத்துகளையும் கையாண்டு பயின்றோர் நன்கு முன்னேறினர். அம்முன்னேற்றம் வாசிப்பைவிட எழுத்துக்கூட்டலில் பெரிது. அமெரிக்காவில் ஜோசப் டோர்கசன் குழுவினர் எட்டு முதல் பத்து அகவை வரையினருக்கு, ஒருவர்க்கு ஓராசிரியராக எட்டு வாரங்களில் 67.5 மணி நேரம் கற்பித்து 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். வாசிப்பின் சரித்தன்மை இயல்பு நிலையை எட்டியது, விரைவு எட்டவில்லை. காலம் கடந்து தொடங்கும் பயிற்சியின் எல்லை அது. பின்லாந்தின் யுவாஸ்கிலா நகரில் ஏறத்தாழ 200 குழந்தைகளைப் பிறப்பு முதல் பின்தொடர்ந்த ஆய்வோ, பள்ளிக்கு வருமுன்னரே எழுத்துகளின் பெயர்களைக் கற்பதில் காணும் தளர்ச்சி ஒரு வலுவான முன்னறிகுறி என்று காட்டியது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் எழுத்தர் உதவியும் கிடைக்கின்றன. வேண்டிய உதவிதான், ஆனால் பத்தாம் வகுப்பில் வரும் உதவி அது. ஒலியைப் பிரிக்கும் பயிற்சி முதல் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். குழந்தையின் பழைய சொல்வதெழுதுதல் ஏடுகளை ஆண்டிறுதியில் எடைக்குப் போட்டுவிட வேண்டா. கற்றல் இடர்ப்பாடு இருக்குமோ என்னும் ஐயத்தோடு வல்லுநரை நாடும் நாளில், மதிப்பெண் அட்டையோடு அவ்வேடுகளையும், திருத்தாமல் உள்ளபடியே, எடுத்துச் செல்லுங்கள்.