அமில மழை

மழையை அமிழ்தம் எனப் போற்றினார் வள்ளுவர். அந்த அமிழ்தத்தில் அமிலம் கலப்பது எவ்வாறு?

நிலக்கரியில் கந்தகம் இயல்பாகவே உள்ளது. நிலக்கரி எரியும்போது அது கந்தக டை ஆக்சைடாக மாறி வானை அடைகிறது. அங்கு ஆக்சிசனோடும் நீரோடும் வினைபுரிந்து கந்தக அமிலமாகி மழையோடு இறங்குகிறது. கரியமில வளி கரைந்திருப்பதால் தூய மழைநீரின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.6 ஆகும், அதனினும் குறைந்தால் அமில மழை எனப்படும்.

புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூருக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் நெய்வேலி உள்ளது. அங்கு 1962 முதல் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு மின்னாற்றல் ஆக்கப்படுகிறது. புகைக்கு எல்லைக்கோடு இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று அதனைப் பாகூர், வில்லியனூர் வயல்களின் பக்கம் கொண்டுவரக்கூடும். நம் நாட்டுக் காற்றில் மிதக்கும் சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்துகள்கள் அமிலத்தைப் பெரிதும் தணிக்கின்றன. ஆயினும் அக்காப்பிற்கும் எல்லை உண்டு. அமிலம் மிகுந்தால் மண்ணின் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்தோடும். பயிரின் வேர் நலியும். ஏரி மீன்கள் மடியும்.

சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையில் தெளித்துக் கந்தகத்தைப் புகைபோக்கியிலேயே பிரிக்கலாம். அனல்மின் நிலையங்களுக்கு நடுவணரசு 2015இல் கந்தக வரம்பு விதித்தது. 2025இல் பெரும்பாலான நிலையங்களுக்கு அதிலிருந்து விலக்களித்தது. ஆகவே, வானையும் வயலையும் காக்கும் பொறுப்பு இன்னும் நிறைவேறாமலே உள்ளது.