கையும் திரையும்: ஆரம்ப வகுப்பிற் கேத்திரகணிதம்

கேத்திரகணிதம் வடிவத்தையும் இடத்தையும் ஆராயுங் கல்வியாகும். ஆயினும் ஆரம்ப வகுப்பிலே அது பெரும்பாலும் கரும்பலகைக் கோடுகளாகவும் மனனஞ் செய்த வரைவிலக்கணங்களாகவும் நின்றுவிடுகின்றது. அடிப்பக்கம் கிடையாக அமைந்த முக்கோணியையே நாடோறுங் கண்ட பிள்ளை, அதனைத் தலைகீழாக வரைந்து காட்டினால், முக்கோணியன்று எனக் கூறுதல் இயல்பு. குறை காட்டிய முறையிலேயே உளது.

ஒல்லாந்து நாட்டு ஆசிரியர்களாகிய பியர் வான் ஹீலெ, டீனா வான் ஹீலெ தம்பதியர் 1957ஆம் ஆண்டில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திற்குச் சமர்ப்பித்த ஆய்வுகள் இதனைத் தெளிவுறுத்தின. பிள்ளை முதலில் உருவை அதன் முழுத்தோற்றத்தால் அறிகின்றது. பின்னர் அதன் பக்கங்களையும் கோணங்களையும் உணர்கின்றது. அதன் பின்னரே அவற்றின் தொடர்பை ஆராய்கின்றது. கீழ்ப்படியை விடுத்து மேற்படியில் ஏறுதல் இயலாது.

ஊவா மாகாணத்துத் தோட்டப் பாடசாலையில் இப்படிகளை ஏறுதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. சமநீளமான நான்கு மூங்கிற் குச்சிகளை முனைகளில் நூலாற் கட்டிச் சதுரம் அமைக்கலாம். ஒரு மூலையைத் தள்ளினால் அது சாய்சதுரமாகும்; பக்கங்கள் மாறா, கோணங்களே மாறும். மூன்று குச்சிகளாலாய முக்கோணியோ தள்ளினும் சாயாது. கூரைச் சட்டங்கள் முக்கோணி வடிவில் அமைவதன் காரணத்தைப் பிள்ளை தன் கையாலேயே அறிந்துகொள்ளும்.

பதுளை மாவட்டத்துத் தெமோதரையில் இருப்புப்பாதை சுழன்றிறங்கிப் புகையிரத நிலையத்தின் கீழாகவே சுரங்கத்தினூடு செல்கின்றது. தாளில் வரைந்தால் அப்பாதை தன்னைத்தானே வெட்டுவது போலத் தோன்றும். களிமண் மேட்டிலே துளையிட்டு, அதனூடு கயிற்றைச் செலுத்தி மேலே சுற்றிப் பார்க்கும் பிள்ளை, பாதை எங்கும் வெட்டிக்கொள்ளாமையைக் காணும்.

அங்ஙனமாயின் கணினித் திரையின் பயன் யாது? மூன்று குச்சிகள் ஒரே முக்கோணியைத்தான் தரும். ஒஸ்திரிய நாட்டு மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தொடங்கிய ஜியோஜிப்ரா என்னும் மென்பொருளில், ஒரு முனையை இழுக்குந்தோறும் புதிய முக்கோணி தோன்றும். நெடிதாயினும் குறிதாயினும் தலைகீழாயினும் அது முக்கோணியே என்னும் பொதுமை அப்போது புலனாகும்.

2020இற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கருவியும் இணையத் தொடர்பும் இல்லாத தோட்டப் பிள்ளைகள் கல்வியை இழந்தனர். ஜியோஜிப்ராவைக் கணினியில் ஒருமுறை பதித்துவிட்டால், பின்னர் அது இணையமின்றியும் இயங்கும். ஆசிரியரின் கணினி ஒன்றே வகுப்பு முழுவதற்கும் உதவும். அதுவும் கிட்டாதவிடத்துக் குச்சியும் நூலும் உள. குச்சியைக் கையாளாத பிள்ளைக்குத் திரையிலே காண்பது வெறும் படமாகவே முடியும். ஆதலின் கையால் அறிந்ததன் பின்னரே திரையைக் காட்டுதல் ஆசிரியர் கடனாகும்.