ஆடவர் மறைக்கும் அரிப்பு

சுண்ணாம்பு இடாத முட்டியில் வடியும் பனஞ்சாறு, பொழுது ஏறுமுன்னரே கள்ளாகப் புளித்து நுரைப்பதை நம்மிற் பலர் கண்டிருப்பர். அக்கள்ளிற் சிறிது விட்டுக் குழைத்த அப்பமா, விடியுமுன் பொங்கி எழுவதும் அதே வினையே. இவ்விரண்டையும் நிகழ்த்துவது கண்ணுக்குப் புலனாகாத ஒருவகைப் பங்கசு. மதுவம் என்று எமது பாடநூல்கள் அதனை வழங்கும். இனிப்பை உண்டு பெருகுவது அதன் இயல்பு.

மதுவங்களுட் சில மனித உடலையே இருப்பிடமாகக் கொண்டவை. அளவோடு இருக்கும்வரை அவற்றால் தீங்கில்லை. அளவு மீறிப் பெருகினால் நோயாகும். இந்நோயைப் பெண்களுக்கே உரியதென எண்ணுவோர் மிகப் பலர். ஆடவருக்கும் இது வரும். வந்தபோது அவர்கள் நாணத்தால் வாய் திறவாதிருப்பதே பெருந்தீங்காய் முடிகின்றது.

எம்மோடு கற்பித்த நண்பர் ஒருவர், ஐம்பதை அணுகும் வயதினர். மறைவிடத்தில் அரிப்பு உண்டாகியபோது உடற்சூடு என்று கருதி, இளநீர் பருகினார், எண்ணெய் முழுக்காடினார். பின்னர் அயலவர் ஒருவர் தோல்வருத்தத்துக்குப் பூசிய களிம்பை வாங்கித் தாமும் பூசினார். சில நாள் அடங்கிய அரிப்பு, முன்னினும் கடுமையாக மூண்டது. ஐந்து மாதம் கடந்து, முன்தோல் வெடித்து வலி பொறுக்க இயலாத நிலையிலேயே வைத்தியரிடம் சென்றார். வைத்தியர் முதலிற் சோதிப்பித்தது குருதியை. நண்பருக்கு நீரிழிவு, அதாவது நம்மவர் கூறும் சீனி வருத்தம், இருந்தது. இரவில் மும்முறை எழுந்து நீர் கழித்ததையும் தீராத தாகத்தையும் அவர் வயதின் மேலும் வெயிலின் மேலும் ஏற்றியிருந்தார். உடல் ஐந்து மாதமாகக் கூறிய செய்தியை நாணம் கேட்கவிடவில்லை.

அடையாளங்கள்

இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாவது கண்டிடா என்னும் மதுவம். இலத்தீன் மொழியில் வெண்மையைக் குறிக்கும் சொல்லினின்றும் பிறந்த இப்பெயரை 1923இல் ஒல்லாந்து அறிஞர் கிறிஸ்டீன் பெர்க்கௌட் சூட்டினார். பெயருக்கேற்ப, வெண்மையே அதன் அடையாளங்களுள் ஒன்று.

ஆண்குறியின் முனை சிவத்தல், அரிப்பு, எரிவு, சிறு செம்புள்ளிகள், முன்தோலின் கீழ்த் தயிர்த்துகள் போன்ற வெண்படிவு ஆகியன முதன்மையானவை. முன்தோல் வீங்கி, பின்னே தள்ள இயலாதவாறு இறுகுவதும் உண்டு. தொடையிடுக்கிற் பற்றினால் அவ்விடம் ஈரமாய்ச் சிவந்து, ஓரத்தைச் சுற்றிச் சிறு புள்ளிகள் சிதறிக் காணப்படும். படர்தாமரை இதனின் வேறு. அதன் ஓரம் வளையம்போல் உயர்ந்திருக்கும். விதைப்பையை அது பெரும்பாலும் பற்றுவதில்லை. வாயிற் பற்றினால் நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெண்படலம் படியும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீரொயிட் மருந்தை உள்ளிழுப்போர் உடனே வாய் கொப்பளிப்பதும், பொய்ப்பல் அணிவோர் அதனை இரவிற் கழற்றிவைப்பதும் இதனாலேயே.

மாணவர் அஞ்சும் தேமலும் மதுவத்தின் செயலே. ஆயின் அது மலசீசியா என்னும் வேறினம். இனிப்பையன்றித் தோலின் எண்ணெய்ப்பசையை நாடுவது. மார்பிலும் முதுகிலும் வெளிறியோ கபிலமாகவோ நுண்செதில்களுடன் படரும். அது பிறருக்குத் தொற்றுவதன்று. மருந்திட்ட பின்னரும் பழைய நிறம் திரும்பச் சில மாதங்கள் செல்லும். ஆனால் வெளிறிய இடத்தில் உணர்ச்சி குன்றியிருப்பின் அது தொழுநோயாகலாம். உடனே காட்டுதல் வேண்டும்.

காரணமும் பரிகாரமும்

நீரிழிவுடையோரின் சிறுநீரில் சீனி மிகும்போது, முட்டியிற் பனஞ்சாறு கண்ட மதுவத்தின் நிலையே இங்கும் நேர்கின்றது. பற்றீரியாவை அழிக்கும் மருந்துகளை நெடுநாள் உண்ணல், உடற்பருமன், வியர்வையில் ஊறிய இறுகிய உடை, நோயெதிர்ப்பாற்றல் குறைதல் ஆகியனவும் காரணங்களாம். எம்பாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகள் சீனியைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவன. அவற்றை உண்போர் மறைவிடத் தூய்மையில் மிகுந்த கவனம் கொள்ளல் வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது.

இது பெரும்பாலும் ஒழுக்கக் கேட்டால் வருவதன்று. ஆதலின் கணவனை மனைவியோ, மனைவியைக் கணவனோ ஐயுறுதல் தகாது. துணைவருக்கும் அரிப்பு இருப்பின் இருவரும் ஒருங்கே வைத்தியரைக் காண்பது முறை.

குளோட்ரிமசோல் போன்ற களிம்பு பெரும்பாலானோருக்குக் குணமளிக்கும். அரிப்பு நின்றதும் கைவிடாது, வைத்தியர் குறித்த நாள்வரை பூசுதல் வேண்டும். எம் நண்பர் பூசியது ஸ்டீரொயிட் மட்டும் கலந்த களிம்பு. அது சிவப்பையும் அரிப்பையும் தணித்து, அடியிலே பங்கசை வளரவிடும். நாள்தோறும் வெறும் நீராற் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பருத்தி உடை அணிதல் போதும். வாசனைச் சவர்க்காரம் புண்ணை மிகுவிக்கும்.

ஆறாத புண், சீழ், நீர் கழிக்க இடர், காய்ச்சல் ஆகியன காணின் ஒருநாளும் தாமதித்தல் கூடாது. அடிக்கடி திரும்பிவரும் அரிப்புக்குக் குருதிச் சோதனை இன்றியமையாதது. உண்ணாதிருந்து காலையில் எடுத்த குருதியில் 100 மில்லிலீற்றருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் சீனி இருப்பதாக மறுசோதனையும் காட்டினால், அது நீரிழிவாகும்.

எம் நண்பரின் புண் இரு வாரத்தில் ஆறியது. நீரிழிவுக்கு அவர் இன்றும் மருந்துண்கின்றார். கண்ணும் சிறுநீரகமும் பழுதுறுமுன் அதனைக் காட்டிக்கொடுத்தது அவ்வரிப்பே. பல்வலியைக் கூசாது சொல்லும் நாம், இதனைச் சொல்ல ஏன் கூசவேண்டும்? தந்தையர் தம் மைந்தருக்கு இதனை உரிய வயதில் எடுத்துரைப்பாராக. வீட்டிற் பேசக் கற்ற பிள்ளை, நாளை வைத்தியர் முன்னும் தயங்காது பேசுவான்.